மூன்று நிமிட வேகம் பிறந்த கதை

கட்டைபறிச்சான் ஆட்களுக்கு நடக்கப் படிப்பிக்கத் தேவையில்லை. கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூரிலிருந்து சம்பூர்ப் பக்கம் போகும் வழியில் இருக்கும் ஊர் அது. வயலுக்கு நடை, ஆற்றுக்கு நடை, சேனையூரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் நடை. 2006இல் கொட்டியாரப்பற்றுத் தமிழ்க் கிராமங்கள் ஷெல்லடியில் கலைந்தபோது, பிள்ளைகளையும் மூட்டை முடிச்சுகளையும் சுமந்துகொண்டு வெருகல் தாண்டி வாகரை வரைக்கும் போன சனம் இந்தப் பக்கத்துச் சனம்தான்.

அப்படி நடந்தவர்களின் கைகளில் இன்று கிளினிக் கொப்பி இருக்கிறது. சீனி, பிறசர், கொலஸ்ட்ரோல் என்று மாதாமாதம் எழுதிய இலக்கங்கள் அதில் நிறைந்திருக்கின்றன. இலங்கையில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்கு நீரிழிவு என்று பேராசிரியர் பிரசாத் கட்டுலந்தவின் குழு 2008இல் கணக்குச் சொன்னது. அவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினருக்கு அந்த ஆய்வு வரும்வரை தங்களுக்கு வருத்தம் இருப்பதே தெரியாது. யுத்தம் நடந்துகொண்டிருந்ததால் வடக்கும் கிழக்கும் அந்தக் கணக்கெடுப்பில் சேர்க்கப்படவில்லை. எங்கள் பக்கத்து இலக்கத்தை அன்று யாரும் எண்ணவில்லை.

கிளினிக்கில் நடக்கும் பேச்சு எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

"நடக்கிறீங்களா அம்மா?"

"ஓம் டொக்டர். விடிஞ்சாப் பொழுதுபட்டா நடைதானே."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணித்தியாலத்துக்குக் குறையாது."

அதோடு அடுத்த ஆள் கூப்பிடப்படுவார். வரிசை நீளம், டொக்டரும் மனிதர்தான். மெல்ல நடந்தீர்களா, மூச்சு வாங்க நடந்தீர்களா என்று கேட்பது அரிது. மருத்துவ உலகமும் சாதாரண மனிதரின் நடையைப் பற்றி இந்தக் கேள்வியை நெடுங்காலம் கேட்காமலே இருந்தது. அது கேட்கப்பட்ட இடம் ஜப்பானில் மலைகள் சூழ்ந்த ஒரு நகரம்.

பத்தாயிரம் அடியும் பலிக்காத வருடமும்

1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் சூடு ஆறுவதற்குள், யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியொன்றைச் சந்தைக்கு விட்டது. வருடம் 1965. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி என்பது அதன் விளம்பர வாக்கியம். மருத்துவர்கள் சோதித்துக் கண்ட அளவல்ல அது. ஆனாலும் வாயில் நிற்கும் இலக்கம் என்பதால் நாடு முழுவதும் பரவியது. இப்போது நம்முடைய கைத்தொலைபேசிகளும் அதே பத்தாயிரத்தைத்தான் கேட்கின்றன.

மூன்று தசாப்தங்கள் கழித்து, 1990களின் பிற்பகுதியில், நாகானோ மாகாணத்தின் மட்சுமோட்டோ நகரில் முதியவர்களுக்கான உடற்பயிற்சித் திட்டமொன்று தொடங்கியது. நகரசபையும் ஷின்ஷூ பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தின. அதை வழிநடத்தியவர் உடற்றொழிலியல் பேராசிரியர் ஹிரோஷி நோசே. நாடு கிழடு தட்டிக்கொண்டிருந்தது, மருத்துவச் செலவு ஏறிக்கொண்டிருந்தது. நடுத்தர வயதினரையும் முதியவர்களையும் நாளுக்குப் பத்தாயிரம் அடி நடக்கச் சொன்னார்கள். நடந்தார்கள். வருட முடிவில் அளந்து பார்த்தபோது இரத்தப் பரிசோதனைகளில் சின்னச் சின்ன முன்னேற்றம் இருந்தது. உடலின் வலு, அதாவது இதயமும் நுரையீரலும் தசையும் சேர்ந்து ஒட்சிசனைப் பாவிக்கும் திறன், ஏறவேயில்லை.

இன்னொரு குழுவை இயந்திரங்கள் வைத்த பயிற்சி மண்டபத்துக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு வலு ஏறியது. ஆனால் மண்டபம் வேண்டும், இயந்திரம் வேண்டும், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். ஒரு நகரத்து முதியவர்கள் எல்லோரையும் அப்படிப் பார்க்கப் பணம் போதாது. ஆகவே மண்டபத்தில் கிடைக்கும் பலனைத் தெருவிலே எடுக்க வழி இருக்கிறதா என்று தேடத் தொடங்கினார்கள்.

முதலில் நினைத்த வழி நேரானது. வேகமாக நடக்க வைப்பது. ஒருவருடைய உச்சத் திறனில் ஏறக்குறைய 70 சதவீதம் வரும் வேகத்தில், அரை மணி நேரம் தொடர்ந்து நடக்கவேண்டும். கடதாசியில் சரியாக இருந்த அந்தத் திட்டம் தெருவில் தோற்றது. அறுபது வயது ஆளுக்கு அந்த வேகத்தில் சில நிமிடங்களிலேயே காலும் மூச்சும் கெஞ்சும். ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தவர் மறுநாள் வரமாட்டார்.

அப்போதுதான் வேகத்தைத் துண்டுபோட்டார்கள். மூன்று நிமிடம் விரைந்து நடப்பது, மூன்று நிமிடம் ஆறுதலாக நடப்பது, பிறகு மறுபடி விரைவது. இப்படி ஐந்து சுற்று, வாரத்தில் நாலு நாள். களைப்பு உச்சத்துக்கு வரும் நேரத்திலேயே ஓய்வும் வந்துவிடும். இன்னும் அரை மணி நேரம் தாங்கவேண்டுமே என்ற பயம் இல்லை. இந்த மூன்று நிமிடத்தை மட்டும் தாண்டினால் போதும்.

விளையாட்டு வீரர்களுக்கு விட்டுவிட்டு ஓடும் பயிற்சி புதிதல்ல. செக்கொஸ்லோவாக்கிய ஓட்டவீரர் எமில் சாட்டொபெக் அப்படிப் பழகித்தான் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் மூன்றிலும் தங்கம் வென்றார். வீரர்களின் அந்த முறையை மூட்டுவலிக்காரப் பாட்டிமார் செய்யக்கூடிய அளவுக்கு இறக்கிக்கொண்டு வந்ததுதான் மட்சுமோட்டோவின் சாதனை.

2007இல் முடிவு வெளியானது. 246 பேர், சராசரி வயது 63, ஐந்து மாதம். ஒரு பகுதியினர் எதுவும் செய்யவில்லை. ஒரு பகுதியினர் நாளுக்கு 8,000 அடி நிதானமாக நடந்தனர். மற்றவர்கள் மூன்றுக்கு மூன்று என்று நடந்தனர். விட்டுவிட்டு விரைந்தவர்களின் தொடைத் தசை வலு 13 முதல் 17 சதவீதம் வரை ஏறியது. ஒட்சிசன் பாவிக்கும் திறனும் 8, 9 சதவீதம் கூடியது. இரத்த அழுத்தமும் அவர்களுக்கே அதிகம் இறங்கியது. நிதானமாக நடந்தவர்களுக்கு இவற்றில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை.

சென்னை கேட்ட கேள்வி, கோபன்ஹேகன் கேட்ட கேள்வி

தமிழர்களின் சீனி வருத்தத்துக்கும் நடைக்கும் உள்ள தொடர்பு அதற்கு முந்திய வருடமே சென்னையில் சோதிக்கப்பட்டிருந்தது. டொக்டர் அ. ராமச்சந்திரனின் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளிவந்தது. நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை மூன்று வருடம் பின்தொடர்ந்தார்கள். ஒன்றும் செய்யாமல் விடப்பட்டவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. சாப்பாட்டைத் திருத்தி, நாளுக்கு அரை மணி நேரமாவது நடக்கச் சொல்லப்பட்டவர்களில் அது 39 சதவீதமாக நின்றது. மெட்போமின் மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஏறத்தாழ அதே பலன். மாத்திரையையும் நடையையும் சேர்த்தபோது மேலதிக இலாபம் எதுவும் கிடைக்கவில்லை.

அந்த ஆய்வில் கவனிக்கத்தக்க ஒரு சிறு விதி உண்டு. ஏற்கெனவே உடலுழைப்புத் தொழில் செய்பவர்களையும், தினமும் அரை மணிக்கு மேல் நடப்பவர்களையும், சைக்கிளில் போய் வருபவர்களையும், செய்துவருவதையே தொடரச் சொன்னார்கள். நடை தடுக்கிறதா என்பதுதான் சென்னையின் கேள்வி. தடுக்கிறது என்று பதில் வந்தது. எந்த வேகம் என்பது அங்கே கேள்வியாக இருக்கவில்லை.

வருத்தம் வந்த பிறகு வேகம் உதவுமா என்று கேட்டது கோபன்ஹேகன். கிறிஸ்டியான் கார்ஸ்டொஃப்டும் கூட்டாளிகளும் மட்சுமோட்டோவின் மூன்று நிமிடத்தைக் கடன் வாங்கி, இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 32 பேரைக் கொண்டு சோதித்தார்கள். நாலு மாதம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம். ஒரு குழு ஒரே சீராக நடந்தது, இன்னொன்று விட்டுவிட்டு விரைந்தது. இரண்டு குழுவும் எரித்த சக்தி ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். ஆகவே வித்தியாசம் வந்தால் அதற்குக் காரணம் நடந்த விதம்தான்.

2013இல் வெளியான முடிவு இது. சீராக நடந்தவர்களின் சீனி நாள் முழுவதும் அளந்தபோதும் இறங்கவில்லை. விட்டுவிட்டு விரைந்தவர்களுக்கு இறங்கியது. உடல் வலு 16 சதவீதம் ஏறியது. எடை 4 கிலோவுக்கு மேல் குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் ஒரே நேரம், ஒரே சக்தி, வேறு பலன் என்று இது காட்டியது. நாள் முழுக்க நடந்தும் கொப்பியில் சீனி இறங்காத நம்மவர்களின் புதிருக்கு ஒரு பாதிப் பதில் இதில் இருக்கிறது.

காரணம் தசைக்குள் இருக்கிறது. சாப்பிட்ட மாச்சத்தின் பெரும்பங்கு கிளைக்கோஜனாகத் தசையில்தான் போய்ச் சேரவேண்டும். பட்டறை நிறைய நெல் கிடந்தால் புது விளைச்சலைக் கொட்ட இடமில்லை. மெல்லிய நடைக்கு உடல் பெரும்பாலும் கொழுப்பை எரித்துச் சமாளித்துவிடும், பட்டறை கலையாது. மூச்சு வாங்கும் வேகத்தில், மெல்ல நடக்கும்போது சும்மா கிடக்கும் பெரிய தசை நார்களும் வேலைக்கு எழும்புகின்றன, கிளைக்கோஜன் கரைகிறது. தசை சுருங்கும்போது, சீனியை உள்ளே எடுக்கும் புரதங்கள் இன்சுலினின் உத்தரவுக்குக் காத்திராமலே மேற்பரப்புக்கு வருகின்றன. இன்சுலின் சொல் கேட்காத உடம்பே இரண்டாம் வகை நீரிழிவு என்பதால், இந்த இரண்டாவது வழி அவர்களுக்கு மிகவும் பெறுமதியானது. ஒரு தடவை செய்த பயிற்சியின் பலன் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் வரை நிற்கும். பிறகு போய்விடும். இடைவிட்டாலும் இரண்டு நாளுக்கு மேல் விடக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

தலைக்குள் என்ன நடக்கிறது

சீனி வருத்தம் என்றால் கால், கண், சிறுநீரகம் என்று நம்முடைய ஆட்கள் விரல் மடித்துச் சொல்வார்கள். மூளையை யாரும் சேர்ப்பதில்லை. அம்மம்மா திறப்பை வைத்த இடத்தை மறந்தால் அது வயது என்று விட்டுவிடுவோம். நெதர்லாந்தின் றொட்டர்டாம் நகரத்து முதியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 1999இல், நீரிழிவு உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று காட்டியது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அதை ஊட்டுவது மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள். கண்ணின் விழித்திரையில் சீனி கெடுக்கும் அதே வகைக் குழாய்கள்தான் தலைக்குள்ளும் ஓடுகின்றன.

பயிற்சிக்கும் மூளைக்கும் இடையிலான பாதை ஆய்வுகூடத்தில் திறந்தது. 1982இல் ஈவ் பார்ட், ஹான்ஸ் தோனென் என்ற இரு விஞ்ஞானிகள் பன்றி மூளையிலிருந்து நரம்புக்கலங்களை வாழவைக்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். பி.டி.என்.எஃப் என்று அது இன்று அறியப்படுகிறது. 1995இல் கலிபோர்னியாவில் கார்ல் கொட்மனின் குழு, சக்கரத்தில் ஓடவிட்ட எலிகளின் மூளையில் இந்தப் புரதத்துக்கான செய்தி கூடுவதைக் கண்டது. ஞாபகத்துக்குப் பொறுப்பான ஹிப்போகம்பஸ் பகுதியிலும் அது கூடியது. உடம்பை அசைத்தால் தசையும் இதயமும்தான் மாறும் என்ற நினைப்பு அதோடு உடைந்தது.

மனிதர்களிடம் 2010இல் லோரா பேக்கரின் குழு நம் விடயத்துக்கு மிகக் கிட்ட வந்தது. சீனி சரியாகச் செமிக்காத 28 முதியவர்கள். ஆறு மாதம், வாரத்துக்கு நாலு நாள். ஒரு பகுதியினர் இதயம் நன்றாக அடித்துக்கொள்ளும் கடும் பயிற்சி செய்தார்கள், மற்றவர்கள் கை கால் நீட்டி மடக்கினார்கள். கடும் பயிற்சி செய்தவர்களுக்குத் திட்டமிடுவது, கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது போன்ற திறன்கள் கூடின. இன்சுலினும் நன்றாக வேலை செய்தது. அடுத்த வருடம் அமெரிக்காவில் கேர்க் எரிக்சனின் குழு 120 முதியவர்களை ஒரு வருடம் தொடர்ந்தது. வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடந்தவர்களின் ஹிப்போகம்பஸ் 2 சதவீதம் பெருத்தது. நீட்டி மடக்கியவர்களுக்கு அது வழக்கம்போலச் சுருங்கியது.

இங்கே ஒரு நிதானம் வேண்டும். அமெரிக்காவில் நீரிழிவுள்ள 5,145 பேரைக் கொண்டு 2001இல் தொடங்கிய 'லுக் அஹெட்' என்ற பெரிய ஆய்வில், உணவும் வாரத்துக்கு 175 நிமிடப் பயிற்சியும் கொடுக்கப்பட்டன. பத்து வருடமளவில் சுமார் 300 பேரின் மூளையைப் படம் எடுத்தபோது, சிறு குழாய்கள் பழுதாவதைக் காட்டும் வெண்தழும்புகள் பயிற்சிக் குழுவில் 28 சதவீதம் குறைவாக இருந்தன. ஆனால் ஞாபகமும் சிந்தனையும் சோதிக்கப்பட்டபோது இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. நோர்வேயின் துரொன்ஹைம் நகரில் 2012இல் 70 வயது தாண்டிய 1,567 பேரைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்விலும், மேற்பார்வையோடு கொடுத்த கடும் பயிற்சி மூளையின் அளவில் மேலதிகப் பலன் காட்டவில்லை. உடல் வலு முன்பே கூடியவர்களின் மூளைப் புறணி தடிப்பாக இருந்தது மட்டும் தெரிந்தது.

ஆகவே 'வேகமாக நட, மறதி வராது' என்று யாராவது முகநூலில் எழுதினால் நம்பவேண்டாம். இவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்: வேகம் உடல் வலுவை ஏற்றுகிறது, சீனியை இறக்குகிறது. வலு குறைவும் கூடின சீனியும் மூளைக்கு ஆகாதவை. அந்த இரண்டையும் ஒரே அசைவில் தொடும் வழி என்பதற்காகவே மூன்று நிமிடத்துக்கு இந்த மதிப்பு.

மூச்சுதான் அளவுகோல்

மட்சுமோட்டோக்காரர்கள் இடுப்பில் ஒரு கருவி கட்டியிருந்தார்கள். வேகம் போதுமென்றால் அது சத்தமிடும். நமக்கு அது இல்லை, தேவையுமில்லை. சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க், மனிதர் தம் உழைப்பைத் தாமே எவ்வளவு சரியாக மதிப்பிடுகிறார்கள் என்று 1950களிலிருந்து ஆராய்ந்து, 6 முதல் 20 வரையிலான ஓர் அளவுகோலை உருவாக்கினார். சும்மா இருப்பது 6. இதற்குமேல் ஏலாது என்பது 20. சொன்ன இலக்கத்தைப் பத்தால் பெருக்கினால் சுகதேகியின் நாடித்துடிப்பு ஏறக்குறைய வரும் என்பதற்காகத்தான் அந்த விசித்திரமான 6.

நீரிழிவுக்காரருக்கு இந்த அளவுகோல் நாடி எண்ணும் கைக்கடிகாரத்தைவிட நம்பகமானது. நீண்டகாலச் சீனி இதயத்துக்குப் போகும் நரம்பையே கெடுத்துவிடலாம். பிறசருக்கு அட்டெனொலோல் போன்ற மாத்திரை எடுப்பவரின் நாடியும் ஏறாது. இதயம் பொய் சொல்லும் இடத்தில் மூச்சு உண்மை சொல்லும். கூட வருபவரோடு கதைக்க முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது நடுத்தர வேகம். நாலு சொல்லுக்கு ஒரு தரம் மூச்சு எடுக்கவேண்டி வந்தால் அதுதான் மூன்று நிமிட வேகம். எங்கள் பாஷையில், "களைக்குது, ஆனா ஏலும்."

தொடங்கும் முன் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்கவேண்டியவர்கள் இருக்கிறார்கள். நெஞ்சு வருத்தம் உள்ளவர்கள், கண்ணில் இரத்தக் கசிவு என்று சொல்லப்பட்டவர்கள், காலில் உணர்ச்சி குறைந்தவர்கள், இன்சுலின் ஊசி போடுபவர்கள், கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்கள். கடைசி இரு வகையினர் சட்டைப்பையில் இனிப்பு வைத்திருக்கவேண்டும், வெறும் வயிற்றில் விரையக்கூடாது. வெறுங்காலோடு கிரவல் ரோட்டில் நடக்கவே கூடாது. உணர்ச்சியில்லாத பாதத்தில் ஏறும் ஒரு முள் விரலைக் கொண்டுபோகும்.

பெண்கள் தெருவில் விரைந்து நடந்தால் "எங்க அவசரமாப் போறா?" என்று கேட்கும் ஊர் இது. வளவைச் சுற்றி நடக்கலாம், கோயில் வீதியில் நடக்கலாம். நடைதான் வேண்டுமென்றும் இல்லை. சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையின் ரஞ்சனி ஹரீஷும் குழுவும் இளம்பெண்களுக்காக 'தாண்டவ்' என்ற பெயரில், பாட்டுக்கு விட்டுவிட்டு வேகமாக ஆடும் பயிற்சியை அமைத்தார்கள். பத்து நிமிடம், வீட்டுக்குள்ளேயே. கும்மியும் கோலாட்டமும் தெரிந்தவர்களுக்கு இதைப் புரியவைக்கத் தேவையில்லை.

எவ்வளவு போதும் என்ற கேள்விக்கும் மட்சுமோட்டோவிலிருந்தே பதில் வந்தது. 2019இல் ஷிசுவே மசுகியின் குழு 679 பேரின் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தது. உடல் வலுவைத் தீர்மானித்தது விரைந்து நடந்த நிமிடங்கள்தான், மெல்ல நடந்த நிமிடங்கள் அல்ல. விரைவு வாரத்துக்கு 50 நிமிடத்தைத் தாண்டிய பிறகு பலன் பெரிதாக ஏறவும் இல்லை. வாரத்துக்கு 50 நிமிடம் என்றால் மூன்று நிமிடமாக 17 தரம். நாலு நாளைக்கு நாலு நாலாகப் பிரித்தால் 16 முடிந்துவிடும். மிச்சம் இருக்கும் ஒன்றைச் சீனி வாங்கக் கடைக்குப் போகும் வழியில் முடிக்கலாம். சீனி வாங்காமல் திரும்பினால் இன்னும் நல்லது.